இடது மூலை

நம்புஈஸ்வரி விழுந்த சத்தம்
பந்து விழும் சத்தத்தைவிடச் சின்னது.
ஈரத் துணியை ஒருமுறை உதறினாற்போல.
அப்புறம் கச்சான் காற்று மட்டும்
வலையில் மிச்சமிருந்த நூலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள்.
முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம்.
ஒன்பது மாசம் ஆகும் என்றார் டாக்டர்.
'அதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்துரலாம்' என்று
ஆட்டோவில் சிரித்தது அவள் மட்டும்தான்.
ரிஸானா அவளுடைய ஷூவை மடியில் வைத்திருந்தாள்
உள்ளே கிடந்த மணலைக் கொட்டாமல்.

மதுரைப் போட்டிக்கு இருபத்து மூன்று நாள்.

எங்கள் மைதானத்தைச் சொல்ல வேண்டும்.
கீழக்கரைக்கு வெளியே, ஒரு பக்கம் உப்பளம்,
மறுபக்கம் சீமைக்கருவேலம்,
நடுவில் வெடித்த சிமெண்டுத் தரை.
காலையில் முதல் பயிற்சி மணல் கூட்டுவது.
ரெண்டு மணிக்கு மேல்
நேராக எறிந்த பந்து நேராகப் போகாது;
வளையத்துக்கு ஒரு முழம் தெற்கே விட்டு எறியணும்.
எந்நேரத்துக்கு எத்தனை முழம் என்பது
நம்புவின் மணிக்கட்டுக்குத் தெரியும்.
எங்களுக்கு நம்புவைத் தெரியும்.
அது போதுமாயிருந்தது.

முதல் வாரம் முழுக்க
இல்லாத ஆளுக்குப் பந்து கொடுத்தோம்.
ஜெனிட்டா திரும்பிப் பார்க்காமலே
இடது மூலைக்கு வீசுவாள், இரண்டு வருடப் பழக்கம்.
பந்து கோட்டைத் தாண்டி முள்ளுக்குள் போகும்.
மூன்றாவது பந்தும் காற்று இறங்கியபோது
பஞ்சர் கடை பாக்கர் அண்ணன் கேட்டார்:
'விளையாடப் போறீகளா, வெறகு வெட்டப் போறீகளா?'

அந்த மூலைக்கு என்னைப் போட்டார் கோச்.
அவளுக்கும் எனக்கும் ஒரு சாண் வித்தியாசம்.
தலைக்கு மேலே போன பாஸையெல்லாம்
நின்று வழியனுப்பி வைத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
போன வருடம் பெஞ்சில் உட்கார்ந்து
எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பும்போது
இவளுக்கு ஒரு காய்ச்சலாவது வரக் கூடாதா என்று
நினைத்திருக்கிறேன்.
காய்ச்சல்தான்.
முட்டியை நான் கேட்கவே இல்லை.

பதினோராம் நாள் அவள் வந்தாள்
அப்பாவின் மீன் வண்டியில்,
ஐஸ் பெட்டிமேல் காலை நீட்டியபடி.
பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொன்னது
இடது மூலைக்குப் பின்னால்
பந்து முள்ளுக்குள் நுழையும் இடத்தில்.
யோசனை சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தோம்.
ஒன்றும் சொல்லவில்லை.
தாண்டி வந்த ஒவ்வொரு பந்தையும்
உட்கார்ந்தபடியே பிடித்து
என் நெஞ்சுயரத்துக்குத் திருப்பி எறிந்தாள்.
நாற்பது தடவை இருக்கும்.
ஜெனிட்டா இடுப்பில் கை வைத்து
அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அடுத்ததைத் தரையில் தட்டிக் கொடுத்தாள்.
என் கைக்கு வந்தது.
வாங்கியதும் என்ன செய்வதென்று மறந்துவிட்டது எனக்கு.

மதுரை உள்ளரங்கில் காற்றே இல்லை.
மரத் தரை, குனிந்தால் முகம் தெரிகிறது.
முதல் பாதி முழுக்க எங்கள் ஐந்து பேர் பந்தும்
வளையத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது
இல்லாத கச்சானுக்கு இடம் விட்டு.
எதிரணி ரொம்ப மரியாதையாகச் சிரித்தது.
பெஞ்சிலிருந்து நம்பு கத்தினாள்:
'காத்து இல்லடி! காத்தே இல்ல! வளையத்தப் பாருங்க!'

ஆறு புள்ளியில் தோற்றோம்.
முதல் பாதியில் அது பத்தொன்பதாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் காலுக்கு ஒரு முழு சீட்.
நாங்கள் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர்.
திருப்புல்லாணி தாண்டியதும் ஜன்னலில் உப்பு வாடை.
தூங்குகிறாள் என்று நினைத்தவள் கேட்டாள்:
'அந்தக் கடைசி ஷாட்டுக்கு எத்தன முழம் விட்ட?'
'ஒண்ணும் விடல. நேராத்தான் போட்டேன்.'
'ம்' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
'திங்கக்கெழம கச்சான் இருக்கும். மறந்துராத.'